போயா தினக் கணினிக் கழகம்

நீர்ப்பாசனக் கந்தோரில் முப்பது வருடம் கிளார்க்காக இருந்து, ஒரு நாளும் பிந்தி வராமல், யாரிடமும் கை நீட்டாமல் ஓய்வு பெற்ற ஒரு மனிதரைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். நானும் இத்தனை காலம் அதைத்தான் சொல்லித் தட்டிக்கழித்தேன். தில்லையம்பலத்தைப் பற்றி எழுதினால் என்னைப் பற்றியும் எழுத வேண்டி வரும், அதுதான் உண்மைக் காரணம்.

அவர் யாழ்ப்பாணத்துக் காரைநகர்க்காரர். 1974இல் மாத்தளைக்கு மாற்றலாகி வந்தார். மூன்று வருடத்தில் ஊருக்குத் திரும்பலாம் என்ற எண்ணத்தோடு வந்தவர். எழுபத்தேழு வந்தது, எண்பத்து மூன்று வந்தது. இரண்டு இனக்கலவரத்திலும் அவரையும் மனைவி தவமணிதேவியையும் தன் வீட்டுக்குள் விட்டுப் பூட்டி வாசலில் நின்றவர் பக்கத்து வீட்டுச் சிங்களவர் ஏக்கநாயக்க, தபால் கந்தோர்க்காரர். அதற்குப் பிறகு தில்லையம்பலம் மாற்றம் கேட்பதை விட்டுவிட்டார். பிள்ளைகள் இல்லை. வெள்ளைச் சட்டை, சட்டைப்பையில் இரண்டு பேனா, ஒன்று எழுத, மற்றது அது எழுதாமல் போனால் எழுத. துல்லியம் என்றால் அந்த மனிதருக்கு உயிர். ‘ஏறக்குறைய’ என்று யாராவது சொன்னால் முகம் சுருங்கிவிடும்.

நான் மாணிக்கவாசகம். பல்லேபொலப் பக்கம் ஒரு மிளகுத் தோட்டத்து ஆபீசில் கிளாக்கர். தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். யாழ்ப்பாணத்துக் கந்தோர்க்காரர்கள் எங்களைப் பார்த்து ‘தோட்டக்காட்டான்’ என்று முதுகுக்குப் பின்னால் சொல்வதும், நாங்கள் அவர்களைப் பார்த்து வேறு ஏதாவது சொல்வதும் அந்த ஊரில் வழமைதான். தில்லையம்பலம் வாயில் அந்தச் சொல்லை நான் ஒரு நாளும் கேட்டதில்லை. பயிர்களுக்குத் தண்ணீர் விடும் கணக்குக் கேட்டுத் தோட்டத்துக்கு வந்தவர், நான் போட்டு வைத்திருந்த அட்டவணையைப் பார்த்துவிட்டு, “இது ஆர் போட்டது? நல்ல வேலை” என்றார். அன்றிலிருந்து பழக்கம்.

1990இல் மெஷின் வந்தது. வில்கமுவப் பக்கம் மகாவலித் திட்டத்தில் வேலை செய்த ஒரு வெள்ளைக்கார இஞ்சினியர் நாட்டை விட்டுப் போகும்போது தன் கம்ப்யூட்டரைத் தில்லையம்பலத்திடம் கொடுத்துவிட்டுப் போனார். அதை எடுத்துவர நாங்கள் இரண்டு பேரும் போனோம். நெல் மூட்டைகளுக்கு நடுவில் மெத்தையில் சுற்றி, டிராக்டரில் பஸ் வீதி வரைக்கும். அங்கே பஸ்ஸுக்கு மூன்று மணி நேரம் காவல். பஸ்ஸில் அதற்கு ஒரு சீட். கொண்டக்டர் அதற்கும் டிக்கெட் கிழித்தார், தில்லையம்பலம் அதைப் பெருமையோடு வாங்கிக்கொண்டார். அவர் வீட்டு வாசலில் இறக்கினபோது தவமணி அக்கா இடுப்பில் கை வைத்துப் பார்த்துவிட்டு, “இந்த மனுசனுக்குப் பிள்ளை இல்லாத குறையை வெள்ளைக்காரன் தீர்த்துப்போட்டான்” என்றார். அடுத்த நாளே அதற்கு ஒரு உறையும் தைத்துக் கொடுத்தார்.

சிங்கள இளைஞர்களின் கிளர்ச்சியை அடக்கி ஆறுகளில் பிணம் மிதந்த இரண்டு வருடம் அப்போதுதான் முடிந்திருந்தது. நாலு பேர் கூடி நின்றாலே என்ன கூட்டம் என்று கேட்ட காலம். அந்த நேரத்தில் போய் இந்த மனிதர் கழகம் தொடங்குகிறேன் என்றார். திருகோணமலை வீதியில் ஹார்ட்வெயார் கடை வைத்திருந்த மீராசாஹிப் மேல்மாடியில் சும்மா கிடந்த அறையைக் கொடுத்தார். கொடுக்கும்போது ஒரே ஒரு நிபந்தனை: “பேர்ல ‘முன்னணி’, ‘இயக்கம்’னு ஒண்ணும் வரக்கூடாது.” மாத்தளைக் கணினிப் பயனாளர் கழகம் என்று மூன்று மொழியில் பலகை எழுதினோம். பௌர்ணமிப் போயா தினம் அரசாங்க விடுமுறை என்பதால் போயாவுக்குப் போயா பின்னேரம் மூன்று மணிக்குக் கூட்டம். கோயிலுக்குப் போகிறவர்கள் போய்விட்டு வருவார்கள், புத்த பன்சலைக்குப் போகிறவர்கள் வெள்ளை உடுப்போடே வருவார்கள்.

கூட்டத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வொரு போயாவுக்கும் ஒரு ஆள் ஏதாவது புதிதாகச் செய்து காட்ட வேண்டும். தில்லையம்பலம் நாலந்தா கெடிகே என்ற பழைய கற்கோயிலைக் கோடு கோடாகத் திரையில் வரைந்து காட்டினார், அது வரைந்து முடிய ஆறு நிமிடம் எடுத்தது, யாரும் கண் சிமிட்டவில்லை. மீராசாஹிப்பின் மகள் றஹீமா அ முதல் ஔ வரை புள்ளி வைத்துத் தமிழ் எழுத்தை வரவழைத்தாள். ஏக்கநாயக்க எந்தத் தபால் பை எந்த பஸ்ஸில் போகிறது என்று போட்டார். பச்சை மிளகு காய்ந்தால் எத்தனை இறாத்தல் குறையும் என்று நான் போட்டுக் காட்டினபோது கை தட்டினார்கள். அதற்கு முன் எனக்கு யாரும் கை தட்டியதில்லை. அந்தச் சந்தோஷத்தில் தோட்டத்துக்கு நடந்தே போய்விடலாம் போல இருந்தது.

ஐந்து வருடத்தில் முப்பது பேருக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள். சிங்களம், தமிழ், முஸ்லிம் என்று ஒரே மெஷினைச் சுற்றி நின்றோம். வெளியே நாடு எரிந்துகொண்டிருந்தது, நாங்கள் உள்ளே பைல் எப்படி அடுக்குவது என்று சண்டை பிடித்துக்கொண்டிருந்தோம். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஆனால் என் ஆயுளில் நல்ல காலம் எது என்று கேட்டால் அதைத்தான் சொல்வேன்.

தொண்ணூற்றாறில் கொழும்பில் குண்டு வெடித்த பிறகு தமிழ் ஆட்களெல்லாம் பதிய வேண்டும் என்று அறிவித்தார்கள். வீட்டில் இருப்பவர்களின் பெயர், அடையாள அட்டை இலக்கம், பிறந்த இடம், எல்லாம் எழுதிக் கொடுக்க வேண்டும். வெயிலில் சனம் வரிசையில் நின்றது. ஒரு எழுத்துப் பிழைத்தால் படிவம் திரும்பி வரும், மறுபடியும் வரிசை. கைக்குழந்தையோடு ஒரு பொம்பிளை மயங்கி விழுந்ததைத் தில்லையம்பலம் பார்த்துவிட்டு வந்தார். அடுத்த போயாவில் எழுந்து நின்று, நகரத்துத் தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றின் விபரத்தையும் கழகமே கம்ப்யூட்டரில் ஏற்றி, பிழையில்லாமல் அச்சடித்துக் கொடுக்கும் என்றார்.

“சேர், அவங்க கேட்டதை மட்டும் குடுங்க. கேக்காததையும் சேத்து அழகாச் செஞ்சு குடுக்கிறது நமக்கு எதுக்கு?” என்றாள் றஹீமா.

“பிள்ளை, நாங்கள் சனத்தின்ர கஷ்டத்தைக் குறைக்கிறம். இதில என்ன பிழை?”

நானும் அவர் பக்கம்தான் பேசினேன். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் கட்டிக்கொண்டோம். அன்றைக்கு அது சமூக சேவையாகத் தெரிந்தது. பதிவுக் கந்தோரில் எங்கள் பட்டியலைப் பார்த்து அதிகாரி மெச்சினார். சனம் தில்லையம்பலத்தை வீதியில் கண்டால் கும்பிட்டது.

இதற்கிடையில் தவமணி அக்காவின் கடைசித் தம்பி இராசலிங்கம் அவர்கள் வீட்டில் வந்து இருந்தான். இருபத்து மூன்று வயது. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்துச் சனம் முழுக்க இடம்பெயர்ந்தபோது புறப்பட்டு, காட்டு வழியில் வவுனியாவுக்கு வந்து, அங்கிருந்து இராணுவப் பயணப் பாஸ் இல்லாமல் மாத்தளைக்கு வந்து சேர்ந்தவன். கனடாவில் இருந்த மாமன் அவனை எடுப்பதற்கு ஒழுங்கு செய்துகொண்டிருந்தார். அதுவரைக்கும் அவன் வீட்டை விட்டு வெளியே வரவில்லை. பொழுது போகாமல், கழகத்தில் பட்டியல் போடப் பயன்படுத்திய டிபேஸ் நிரலின் கைநூலை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசித்து முடித்தான். மெஷினை ஒரு நாளும் தொட்டுப் பார்க்காமலே எனக்குப் பிழை திருத்துவான், அதுவும் சரியாக இருக்கும்.

கந்தோருக்கு அடுத்ததாகக் கொடுக்க வேண்டிய பட்டியலில் தில்லையம்பலம் அவனுடைய பெயரையும் ஏற்றிவிட்டார். வீட்டில் இருப்பவன், ஏற்றத்தானே வேண்டும். அக்கா கெஞ்சினார். “அவனிட்ட பாஸ் இல்லை. அவன் இஞ்ச இல்லாத ஆள். அவன்ர பேரை எடுங்கோ.” ஒரு கிழமை மனிதர் அசையவில்லை. குறையான பட்டியல் பட்டியலே இல்லை என்றார். ஏழாம் நாள் அக்கா அவர் காலில் விழுந்தார். அடுத்த நாள் அவர் என்னைக் கூப்பிட்டார்.

“மாணிக்கம், இராசனின்ர பேரை அழியும். என்ர கையால நான் அதைச் செய்யமாட்டன். நீர் செய்யும்.”

இந்த இடத்தில் ஒன்றை விளங்கப்படுத்த வேண்டும். டிபேஸில் ஒரு பெயரை ‘டிலீட்’ என்று அடித்தால் அது அழிந்துவிடாது. பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் விழும், அவ்வளவுதான். அதற்குப் பிறகு ‘பேக்’ என்று அடித்தால்தான் பைல் முழுவதையும் திரும்ப எழுதி, நட்சத்திரம் விழுந்ததைத் தூக்கி எறியும். எங்கள் மெஷினுக்கு அது பத்துப் பதினைந்து நிமிட வேலை. அந்த வருடம் மழை இல்லாமல் ஊர் முழுக்கக் கரண்ட் வெட்டு. பேக் நடக்கும்போது கரண்ட் போனால் பைல் நாசம். றஹீமாவின் பைல் ஒன்று அப்படித்தான் போனது. அதனால் கரண்ட் வெட்டுக்கு முந்திய அரைமணி நேரத்துக்குள் யாரும் பேக் அடிக்கக்கூடாது என்று தில்லையம்பலமே சட்டம் எழுதிச் சுவரில் ஒட்டியிருந்தார்.

ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நான் தோட்டத்திலிருந்து வந்து சேர ஆறு மணி தாண்டிவிட்டது. ஆறரைக்குக் கரண்ட் வெட்டு. டிலீட் அடித்தேன். நட்சத்திரம் விழுந்த பெயர்களைத் திரையில் காட்டாமல் மறைக்கும்படி எங்கள் மெஷினை முன்பே ஒழுங்குபடுத்தி வைத்திருந்தோம், ஆகவே இராசலிங்கத்தின் பெயர் கண்ணுக்குத் தெரியாமல் போனது. பேக் அடிக்க நேரம் இல்லை. சட்டம் சட்டம்தானே. நாளைக்குச் செய்யலாம் என்று மெஷினை மூடினேன்.

வழியில் அவர்கள் வீட்டுக்குப் போனேன். இராசலிங்கம்தான் கதவைத் திறந்தான்.

“என்ன அண்ணை, என்னைப் பேக் பண்ணிப் போட்டியளோ?” என்று சிரித்தான்.

அவனுக்குப் பின்னால் அக்கா நின்றார். ஒரு கிழமையாக நித்திரை இல்லாத முகம். அந்த முகத்தைப் பார்த்து, பாதி செய்தேன், மிச்சம் நாளைக்கு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

“ஆமா தம்பி, எல்லாம் முடிஞ்சிருச்சு” என்றேன். அக்கா சுவரில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விட்டார். தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொன்னார். குடித்தேன்.

அடுத்த நாள் புதன்கிழமை கொழும்புக்குக் கிட்ட ரயிலில் குண்டு வெடித்தது. மறந்துவிட்டேன் என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். நான் மறக்கவில்லை. புதன், வியாழன் இரண்டு நாளும் டவுனுக்கு இறங்கப் பயந்து தோட்டத்திலேயே இருந்தேன். வழியெல்லாம் செக்கிங், தமிழனாக பஸ்ஸில் ஏறிப் போவானேன் என்று நினைத்தேன். பேக் அடிக்க நேரம் இருக்கிறது என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை காலை பதிவுக் கந்தோரிலிருந்து தில்லையம்பலத்துக்கு ஆள் வந்தது. அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் இறக்கியிருக்கிறார்கள், இயக்கத் தெரிந்த ஆள் இல்லை, உங்கள் டிஸ்க்கைக் கொண்டு வந்து உதவ முடியுமா என்று மரியாதையாகக் கேட்டார்கள். இவர் சந்தோஷமாகப் போனார். அதிகாரி கதிரை போட்டு, தேத்தண்ணி கொடுத்து, “பிறந்த இடத்தின்படி பிரித்துத் தர முடியுமா, மிஸ்டர் தில்லையம்பலம்?” என்று கேட்டார். ஆறு வருடமாக யாராவது அப்படி ஒரு கேள்வி கேட்கமாட்டார்களா என்று காத்திருந்த மனிதர். இரண்டு நிமிடத்தில் செய்து கொடுத்தார். பிரிண்டர் கடகடவென்று அடித்துத் தள்ளியது. அந்த மெஷினில் எங்கள் மறைப்பு இல்லை. யாழ்ப்பாணத்தில் பிறந்தவர்கள் என்று வந்த பக்கத்தில் ஒரே ஒரு பெயருக்குப் பக்கத்தில் நட்சத்திரம் இருந்தது.

“இது என்ன?” என்றார் அதிகாரி.

தில்லையம்பலம் பிரிண்டர்ப் பிழை என்று சொன்னாராம். வாழ்க்கையில் அவர் சொன்ன முதல் பொய், யாரும் நம்பியிருக்கமாட்டார்கள். அதிகாரி பக்கத்தை வெளியே யாரிடமோ கொடுத்துவிட்டு வந்து, இன்னொரு தேத்தண்ணி வரவழைத்தார். டிபேஸ் எப்படி வேலை செய்கிறது என்று ஆறுதலாக, அவசரமில்லாமல் கேட்டார். ஒரு மணி நேரம் இவரை எழும்பவிடவில்லை. விட்டதும் ஓடினார். வீட்டு வாசலில் தவமணி அக்கா மண்ணில் உட்கார்ந்திருந்தார். நம்பர் பிளேட் இல்லாத வான் வந்து இராசலிங்கத்தை ஏற்றிக்கொண்டு போய் அரைமணி ஆகியிருந்தது.

ஏக்கநாயக்க தோட்டத்து ஆபீசுக்கு போன் பண்ணி என்னை வரச் சொன்னார். நான் போனபோது வீடு நிறையச் சனம். அக்கா கத்தி அழுதுகொண்டிருந்தார். “என்ர தம்பியின்ர பேர் எப்பிடி அதில வந்தது? ஆர் போட்டது?” என்னைக் கண்டதும் என் பக்கம் திரும்பினார். “நீங்கள் அழிச்சதெண்டுதானே சொன்னனீங்கள், தம்பி?”

நான் வாயைத் திறப்பதற்குள் தில்லையம்பலம் குறுக்கே வந்தார்.

“அவர் அழிச்சவர். நான்தான் பிறகு திருப்பிப் போட்டனான். குறையான பட்டியல் குடுக்கக்கூடாதெண்டு போட்டனான்.”

அத்தனை சனத்துக்கும் முன்னால், நிதானமாக, அதைச் சொன்னார். அக்கா அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எழும்பி உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். நான் பேசாமல் நின்றேன். இதை எழுதும்போதும் என் மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

அடுத்த நாள் அவரைத் தனியாகப் பிடித்து அழுதேன். ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

“நீர் சும்மா இரும், மாணிக்கம்” என்றார். “உம்மட பிழையெண்டு தெரிஞ்சா எங்கட ஆக்கள் என்ன சொல்லுவினம் தெரியுமோ? தோட்டத்தான் வேணுமெண்டு யாழ்ப்பாணப் பெடியனைப் பிடிச்சுக் குடுத்திட்டான் எண்டுவினம். பிறகு அது உம்மோட நிக்காது. உம்மட பிள்ளையள் தலைநிமிந்து திரியேலாது. நான் எண்டா, மனுசியோட போகும்.”

மனுசியோடு போகும் என்று அவர் கணக்குப் போட்டார். எல்லாவற்றையும் துல்லியமாகப் போடுகிற மனிதர் அந்த ஒன்றில் பிழைவிட்டார்.

இராசலிங்கத்தைத் தேடி அவர் போகாத சிறை இல்லை, எழுதாத கடிதம் இல்லை. செஞ்சிலுவைக்கு எழுதினார், ஆணைக்குழுக்களுக்கு எழுதினார். அப்படி ஒரு ஆளைப் பிடிக்கவே இல்லை என்றுதான் எல்லா இடத்திலும் பதில். நானும் பல தரம் கூடப் போனேன்.

கழகம் சரியத் தொடங்கியது. அடுத்த போயாவுக்குப் பதினொரு பேர், அதற்கடுத்ததற்கு ஐந்து பேர். தமிழ்க் குடும்பங்கள் தங்கள் பெயர்களை அழிக்கச் சொல்லி வந்து நின்றன. சிலர் மேல்படிக்கட்டிலேயே காறித் துப்பிவிட்டுப் போனார்கள். அவர் முழு பைலையும் அழித்தார், இந்த முறை பேக்கும் தானே அடித்தார். றஹீமா கலியாணம் கட்டி அக்குறணைக்குப் போனாள். போகும்போது அவரிடம் விடைபெற வந்தவள், எதையும் சொல்லிக் காட்டவில்லை. ஏக்கநாயக்க மட்டும் கடைசி வரை வந்தார், அவரும் ஓய்வு பெற்று மகள் வீட்டோடு போய்விட்டார். மீராசாஹிப் மௌத்தான பிறகு மகன் அந்த அறையில் இன்டர்நெட் கடை போட்டான். வீதி முழுக்க அப்போது அப்படிக் கடைகள். எங்கள் மெஷினைப் பழைய இரும்புக்காரன் கொண்டு போனான், அக்கா அதை வீட்டுக்குள் எடுக்க விடவில்லை.

அதன் பிறகும் போயா பின்னேரம் மூன்று மணிக்குத் தில்லையம்பலம் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு திருகோணமலை வீதிக்கு வருவார். கடைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுத் திரும்புவார். வீட்டில் இருக்க முடியாமல்தான் வந்தார் என்று எனக்குத் தெரியும். அக்கா அவரோடு கதைப்பதை அந்த வெள்ளிக்கிழமையோடு நிறுத்திவிட்டார். சமைப்பார், சாப்பாட்டை மேசையில் மூடி வைப்பார், உள்ளே போய்விடுவார். ஒரே கூரையின் கீழ் பன்னிரண்டரை வருடம். “நான் அக்காகிட்ட சொல்லிர்றேன் அண்ணே” என்று எத்தனையோ தரம் கேட்டேன். ஒவ்வொரு தரமும் மறித்தார். நானும், உண்மையைச் சொன்னால், அவர் மறிப்பார் என்று தெரிந்துதான் கேட்டேன்.

2009 மாசி மாதம், பஸ் நிலையத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் எழும்பவில்லை. வன்னியில் சனம் செத்துக்கொண்டிருந்த மாதம். ஊரிலிருந்து ஒருவரும் வர முடியவில்லை. கொள்ளியை நான் வைத்தேன். அக்கா அழவில்லை.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்கு முடிந்து, வந்தவர்கள் எல்லாரும் போன பிறகு, நான் அக்காவுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டிலீட், நட்சத்திரம், கரண்ட் வெட்டு, நான் சொன்ன பொய், நான் பயந்த இரண்டு நாள், எதையும் விடவில்லை. என்னை அடிப்பார், ஏசுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

“அப்ப அவர் நான் சொன்னதைக் கேட்டு, அழிக்கச் சொன்னவரோ?”

“சொன்னாருக்கா. நீங்க அவரு கால்ல விழுந்த மறுநாளே சொன்னாரு.”

அக்கா சாப்பாட்டு மேசையைப் பார்த்தார்.

“ஒரு நாள் எண்டாலும் ‘சாப்பிட்டியளோ’ எண்டு நான் அவரைக் கேட்டதில்லை” என்றார். “இதை ஒரு மாசத்துக்கு முந்தி வந்து சொல்லியிருக்கலாமே, தம்பி. ஒருக்கா எண்டாலும் கேட்டிருப்பன்.”